லைட்டா மாறிய மயில்கழுத்து

என் கைப்பேசியில் ‘லைட்’ என்ற பெயரில் ஒரு குறிப்பு இருக்கிறது. சாயப்பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அதைத் தொடங்கினேன். கல்லூரியில் சாய வேதியியல் படித்தபோது அந்தச் சொல் எனக்கு இரண்டு இடங்களில்தான் வந்தது. ஒரு நிறம் எவ்வளவு வெளிறியது என்று சொல்லும் எண் ஒன்று. வெயிலில் அந்த நிறம் எத்தனை மணி நேரம் வெளுக்காமல் தாங்கும் என்று பார்க்கும் சோதனை மற்றொன்று. இரண்டுக்கும் அளவு உண்டு, அட்டவணை உண்டு. பெரிய காஞ்சிபுரத்தில் அதற்கு அளவே கிடையாது என்பது சேர்ந்த அன்றே தெரிந்துவிட்டது.

டீக்கடையில் “ஒண்ணு லைட்டு” என்றால் டிகாக்‌ஷன் குறைந்த டீ. பட்டறை முதலாளிக்கு, எல்லோருக்கும் அவர் பாய், லைட்டா ஜுரம். நூல் கொண்டுவரும் நெசவாளர் இதே பச்சையில் லைட்டு வேண்டும் என்பார்; அவர் மனைவி அதை லைட்டா ஏற்றித் தரச் சொல்வார், அதாவது கொஞ்சம் அடர்த்தியாக. பட்டுக்கடைப் பலகையில் லைட் வெயிட். கோயில் கோபுரத்தில் சீரியல் லைட். பரிமாறும்போது கையைக் குறுக்கே நீட்டி “லைட்டா போதும்” என்பவருக்கு இரண்டு கரண்டி வைக்க வேண்டும். சொன்னது சட்டென்று புரியாத நாட்களில் பட்டறையில் என் பெயர் டியூப்லைட்டு.

எண் போட்டுக்கொண்டே வந்தேன். பதினொன்றில் நின்றது. பன்னிரண்டாவதை எழுத வைத்தது எங்கள் தெரு அக்கா.

அக்கா உறவில்லை. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு. எங்கள் வீட்டில் தறி இல்லை, அப்பா பேருந்துப் பணிமனையில் இருக்கிறார். அக்கா வீட்டில் ஒரே தறி. அக்காவின் கணவரை அண்ணன் என்பேன்; அவர் நடுவில் உட்காருவார், அக்கா வலது ஓரத்தில் உட்கார்ந்து, கரைக்கான குறுக்கு நூலை ஓட்டும் நாடாவைத் தள்ளுவார். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று கோத்து நெய்கிற சேலைக்கு எப்போதும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் எழுந்து போனால் தறியே நின்றுவிடும்.

போன கல்யாண சீசனில் அவர்கள் தறியில் ஒரு மயில்கழுத்துச் சேலை ஏறியிருந்தது. பட்டுக்கடை கொடுத்த ஆர்டர், முசரவாக்கத்தில் ஒரு மணப்பெண்ணுக்கு. முந்தானையை முதலிலேயே நெய்து முடித்து, உடலும் ஏறக்குறைய முடிந்துவிட்ட நிலையில், மிச்சமிருந்த பச்சை நூலில் ஒரு சிட்டத்தை எலி கடித்துக் குதறிவிட்டது. ஒன்றரை முழம் நெய்ய நூல் இல்லை. அக்கா கொஞ்சம் வெள்ளை நூலை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார்.

“இதே பச்சைய போட்டுக் குடும்மா. நீ படிச்ச பொண்ணு, பாயவிட நல்லா போடுவ” என்றார்.

பாய் அன்று ஆம்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவர் இருந்தால் பழைய நூலில் நாலு இழையை விரலில் சுற்றிக்கொண்டு, காலை பத்து மணிக்குள் வாசலில் போய் நின்று, சாயத்தொட்டியில் இருந்து எடுத்த நூலைப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பார். எனக்கு அந்த முறையில் நம்பிக்கை குறைவு. என்னிடம் நிறத்தை அளக்கும் கருவி இருந்தது. நாலு இழை அதன் வாய்க்குப் போதாது, பரப்பு வேண்டும். ஆகவே அக்கா வீட்டுக்கே போய், தறியில் இழுத்துக் கட்டியிருந்த சேலை மீது கருவியை வைத்தேன். மூன்று இடத்தில் அளந்து சராசரி எடுத்தேன். பட்டறைக்கு வந்து அந்த எண்களுக்குச் சாயம் கூட்டினேன். காய்ந்ததும் மறுபடி அளந்தேன். வித்தியாசம் ஒன்றுக்கும் கீழே. கல்லூரியில் இதற்கு முழு மதிப்பெண் போடுவார்கள்.

மறுநாள் முற்பகல் அக்கா போன் செய்தார்.

“ஏம்மா, ஒரு எட்டு வந்துட்டுப் போறியா? கலரு லைட்டா மாறுதும்மா.”

போய்ப் பார்த்தேன். பச்சையும் நீலமுமாகப் புரண்டுகொண்டிருந்த சேலையில், குறுக்கே நாலு விரல் அகலத்துக்கு ஒரு நீலப் பட்டை. தெருவின் அந்தக் கோடியிலிருந்து பார்த்தாலும் தெரியும். அக்காவின் ‘லைட்டா’வுக்குப் பொருள் முழுசாக, அடியோடு, கண்ணைக் குத்துகிற அளவுக்கு என்று அப்போது விளங்கியது. பிறகு கவனித்தேன், எங்கள் ஊரில் லைட்டா கோபம், லைட்டா கடன் எல்லாமே இந்த வகைதான்.

அண்ணன் நாடாவைக் கீழே வைத்துவிட்டுத் தறிக்குழியில் இருந்தபடியே சொன்னார்: “மயிலுக்குக் கழுத்துல அடிபட்டா மாரி இருக்குது.”

“நீ கம்முனு இரு. பொண்ணு மூஞ்சியப் பாரு” என்றார் அக்கா.

பட்டையைப் பார்த்த பத்து விநாடியில் தப்பு எனக்குப் புரிந்துவிட்டது. மயில்கழுத்து என்பது ஒரு நிறமே இல்லை. நீளவாக்கில் ஓடும் பாவு நீலம், குறுக்கே போகும் ஊடை பச்சை. இரண்டும் கலந்துதான் அந்த நிறம். நான் அளந்தது நெய்த துணியை. கருவி இரண்டையும் சேர்த்துப் பார்த்து நடுவில் ஒரு எண்ணைச் சொல்லியிருக்கிறது, நான் ஊடையை அந்த நடு நிறத்துக்கே போட்டுவிட்டேன். அது நீலப் பாவுக்குள் போனதும் சேலை நீலத்துக்குச் சாய்ந்துவிட்டது. தறிக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவள், பாவு எது ஊடை எது என்று எட்டு வயதில் தெரிந்தவள் செய்த தப்பு இது.

அக்காவுக்கு என்ன ஆகும் என்பதும் அந்தப் பத்து விநாடியிலேயே தெரிந்தது. பாவும் ஜரிகையும் தருவது பட்டுக்கடை. சேலை கடைக்குப் போனால்தான் அடுத்த பாவு வரும். பட்டை விழுந்த சேலையைத் திருப்பிக் கொடுத்தால், பாவு வேறு தறிக்குப் போகும். சீசன் நேரத்தில் இரண்டு பேரும் வெறும் தறியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். ரவிக்கை தைக்கக் கொடுக்க வேண்டும் என்று மணப்பெண் வீட்டில் அன்றிலிருந்து மூன்றாம் நாளே சேலையைக் கேட்டிருந்தார்கள்.

“நான் மறுபடி போட்டுத் தரேன்க்கா” என்றேன். சொல்லும்போதே நடக்காது என்று தெரியும். வெளிறிய நிறத்தை ஏற்றலாம். ஏறிவிட்ட நீலத்தை இறக்கினால் பட்டின் மினுமினுப்பு போய்விடும். புதிதாக நூல் வாங்கிச் சாயம் போட்டு, உலர்த்தி, நாடாவுக்கான தாரில் சுற்றி, மிச்சத்தையும் நெய்து முடிப்பதற்குள் கெடு முடிந்துவிடும். மனதுக்குள் வழிகளை வரிசையாக எழுதி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தேன். ஒன்றும் மிஞ்சவில்லை.

அக்கா உள்ளே போய் ஒரு துணிப்பையுடன் வந்தார். அதில் இருந்தது ரவிக்கைக்கான நூல். எங்கள் தெருவில் சேலை தொடங்கும்போதே ரவிக்கைத் துண்டுக்கான ஊடையை எண்ணித் தனியாக எடுத்து வைத்துவிடுவார்கள். கடைசியில் நெய்வது அது என்பதால் அதில் கை வைப்பதில்லை. எலி கடித்தபோதுகூட அக்கா அந்தப் பையைத் திறக்கவில்லை.

“இது ஒன்ற மொழம் வரும். சேலைக்கு இத போட்டுடலாம். நீ போட்ட நூல ரவிக்கைக்கு ஓட்டுவோம்.”

“கடையில ஒத்துப்பாங்களா?” என்று அண்ணன் கேட்டார்.

“கேப்போம். மறைக்கப் போறோமா என்னா?”

முதலில் அந்த நாலு விரலைப் பிரிக்க வேண்டும். கரையில் ஜரிகை கோத்திருப்பதால் ஒவ்வொரு இழையாகத்தான் எடுக்க முடியும். பாவு அறுந்தால் போச்சு. அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பட்டறைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு மாலை வரை உட்கார்ந்தேன். இடையில் ஒரே ஒரு முறைதான் அக்கா என் தப்பைப் பற்றிப் பேசினார். “உன் மிஷினு என்னாம்மா வெல?” என்று கேட்டார். சொன்னேன். “யம்மா” என்றார். அவ்வளவுதான். பிறகு எனக்கு மட்டும் தனியாக ஸ்ட்ராங்காக ஒரு டீ போட்டுக் கொடுத்தார். இன்றைக்கும் அந்த மாலையை நினைத்தால், அவர் கோபப்பட்டிருக்கலாமே என்றுதான் முதலில் தோன்றுகிறது. கோபப்பட அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது.

மூன்றாம் நாள் நானும் கூடப் போனேன். பட்டுக்கடை மேலாளர் சேலையைப் பிரிப்பதற்குள் அக்காவே சொல்லிவிட்டார்: “அண்ணே, சேல சரியா இருக்குது. ரவிக்க மட்டும் கொஞ்சம் நீலம் தூக்கலு. பாத்துக்கோங்க.”

மேலாளர் சேலையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். ட்யூப்லைட்டை நம்பாமல் எல்லோரும் அந்த வாசலுக்குத்தான் போகிறார்கள். வெயிலில் உடலையும் ரவிக்கையையும் மடித்து ஒன்றின்மேல் ஒன்று வைத்தார். நெற்றி சுருங்கியது.

“சாயம் யாரும்மா போட்டது?”

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். “எங்க பொண்ணுதான். படிச்ச பொண்ணு, அதான் தப்பு பண்ணிடுச்சி.”

மேலாளர் என்னைப் பார்த்தார். “நான்தான் சார்” என்றேன். எப்படி நடந்தது என்று இரண்டு வரியில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தான் முடிவு சொல்ல முடியாது, கட்டுகிறவர்கள் வந்து பார்க்கட்டும் என்று மணப்பெண் வீட்டுக்குப் போன் செய்தார். போட்டோ அனுப்பலாமா என்று நான் கேட்டதற்கு, போட்டோவில் இரண்டும் ஒரே மாதிரி விழுகிறது, அது நியாயமில்லை என்றார். அதற்காக அவருக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும்.

ஒரு மணி நேரம் கடையின் ஓரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அக்கா கண்ணாடிப் பெட்டியில் இருந்த சேலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து யார் தறியில் வந்தது என்று என்னிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கை மட்டும் முந்தானை நுனியைச் சுற்றிக்கொண்டே இருந்தது.

மணப்பெண் தோழியுடன் ஸ்கூட்டியில் வந்தாள். என் வயதுதான் இருக்கும். மேலாளர் இரண்டையும் வாசலில் காட்டினார்.

“ஆமா, லைட்டா வேற மாரி இருக்குதுல்ல?” என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் அக்காவைப் பார்த்தேன்.

அவள் ரவிக்கைத் துண்டைத் தோளில் போட்டுத் தோழியிடம் காட்டினாள். தோழி, “ஏய், நீ ஃபுல்லா ஆரி வொர்க் போடப் போறியே. கையி, முதுகு எல்லாம் கல்லுதான். துணி எங்கடி தெரியப் போவுது?” என்றாள்.

மணப்பெண் யோசித்தாள். பிறகு சேலையின் உடலை மட்டும் கையில் எடுத்து, வெயிலில் அப்படியும் இப்படியும் திருப்பினாள். பச்சை நீலமாகி, நீலம் பச்சையானது. ஓரிடத்திலும் பட்டை இல்லை.

“சேல சூப்பரா இருக்குதுக்கா. ரவிக்க பரவால்ல. எடுத்துக்கிறேன்.”

அக்கா பெஞ்சிலிருந்து எழுந்து, அவள் தோளிலிருந்து துண்டை எடுத்து, சேலையோடு சேர்த்து மடிப்பு கலையாமல் மடித்துக் கொடுத்தார். “நல்லா இரும்மா” என்றார்.

எனக்குக் கிடைத்தவற்றைப் பட்டியலாகவே சொல்லலாம், எனக்கு அதுதான் வரும். யாரும் திருட்டுத்தனமாக எதையும் தள்ளிவிடப் பார்க்கவில்லை. யாரும் என்னைப் படித்த திமிர் என்று சொல்லவில்லை. பிரித்த நாலு விரல் நூலைக்கூட அக்கா எறியாமல் எடுத்து வைத்திருந்தார். ‘எங்க பொண்ணு’ என்ற இரண்டு சொற்களை எந்த எண்ணில் எழுதுவது என்று தெரியவில்லை. பட்டியலைத் தாண்டிய கணக்கு அது. ஆம்பூரிலிருந்து திரும்பிய பாய், தொட்டியைச் சரியாகக் கழுவவில்லை என்று மட்டும் திட்டினார்.

பத்து நாள் கழித்து ஒரு விடியற்காலையில் அக்கா எங்கள் வாசலில் நின்று கூப்பிட்டார்.

“எந்திரிம்மா, பாவு வந்துக்கினு இருக்குது. ஆளு பத்தல, ஒரு கை புடி.”

புதுப் பாவைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி, இழைகளைச் சீராக்கிக்கொண்டிருந்தார்கள். தெருக்கோடியில் வண்டிகள் நின்று காத்திருந்தன. அண்ணன் நடுவில் குனிந்து அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார். நான் ஓரக் கழியைப் பிடித்துக்கொண்டேன். வெயில் அப்போதுதான் பாவின் மேல் ஏறியது. அரக்குச் சிவப்பு.

“ஊடை என்ன கலர்க்கா?” என்றேன்.

“அதே அரக்குதான். பாவும் அதான், ஊடையும் அதான். கடையில கேட்டு வாங்கினேன், உன் மிஷினுக்கு ஏத்த சேல” என்றார் அக்கா. அண்ணன் நிமிராமலே சிரித்தார். சிரிப்பில் பாவு ஆடியது, “கழிய இறுக்கிப் புடிம்மா” என்று மூன்று வீட்டிலிருந்து குரல் வந்தது.