கண்ணம்மாவுக்குப் போட்ட ஊசி

நான் வேலை பார்க்கும் லண்டன் ஆஸ்பத்திரியில் தாமஸ் என்றொரு கிழவர். தினமும் காலையில் கால்களை மடக்கிக்கொள்வார், கட்டிலடியில் நாய்கள் போகின்றன என்று. நாயும் இல்லை, நரியும் இல்லை. நர்ஸ் சிரித்தாள்: "வயதாகிவிட்டது, அவ்வளவுதான். ஊசி போட்டால் அடங்கிவிடுவார்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இதே பேச்சை ராயபுரத்தில் கேட்டுவிட்டுத்தான் நான் கப்பலேறினேன்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. என் நைனா கட்டுமரக்காரர். ஒருநாள் கரையில், "டேய், மரத்துமேல புள்ளைங்க குந்திகினு கீது, மிதிச்சிடாத" என்றார். கொஞ்ச நேரம் குழம்புவார், பிறகு தெளிந்து, "இன்னாடா, மூஞ்சி கருவாடு கணக்கா கீது?" என்று கிண்டல் செய்வார். நடை இறுகிக்கொண்டே வந்தது. ஆனால் ஒருவர் பெயரையும் மறக்கவில்லை. கடலில் மூழ்கிச் செத்தவர்கள்தான் கட்டுமரத்தில் வந்து உட்காருவார்கள் என்பது எங்கள் கரையின் நம்பிக்கை. கூட்டாளிகள் பயந்துபோய் மரம் ஏற மறுத்தார்கள்.

பக்கத்து வீட்டுக் கண்ணம்மா கதை வேறு. பல வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக மறந்து, கடைசியில் பெற்ற மகனையே "யார்ரா நீ?" என்றாள். தெருவில் ஓடியவளை டாக்டரின் ஊசி அடக்கியது. அந்த மகன் என்னிடம் வந்தான்: "மாமு, எங்கம்மாவுக்குப் போட்டதையே நைனாவுக்கும் போட்டுடு. பேஜார் தீந்துடும்."

நானும் நைனாவை அதே டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் நைனாவை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கிழட்டுப் புத்தி. எல்லாம் ஒண்ணுதான்யா."

ஒன்றா? ஊசி ஏறியதும் நைனா கட்டையாகிப் போனார். கஞ்சிகூட இறங்கவில்லை. படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை.

ஊரில் இருப்பவர்களே, என்னைப்போல் கடல் தாண்டியவர்களே, வஞ்சிர மீனையும் வவ்வால் மீனையும் தொட்டே பிரிக்கிற நாம் கிழவர்களை மட்டும் ஒரே கூடையில் கொட்டுகிறோமே! மறக்கிறாரா, இல்லாததைப் பார்க்கிறாரா? மெல்ல வந்ததா, கை கால் இழுத்துக்கொண்ட அன்றைக்குத் திடீரென வந்ததா? கேட்டால் வாய் வலிக்குமா?

இங்கே லண்டனில், தாமஸுக்கு ஊசி போடுமுன் வார்டு டாக்டரை வழிமறித்து, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நைனா கதையைக் கொட்டினேன். "உன் அப்பாவை நான் பார்த்ததில்லையே" என்று எரிந்து விழுந்தார்.

"இவரையாவது பாருங்கள்!"

வார்டே திரும்பிப் பார்த்தது. அவர் தாமஸின் கையைப் பிடித்து மடக்கினார். நைனாவின் நடையைப் போலவே அது இறுகி முரண்டு பிடித்தது. ஊசி வேண்டாம் என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு, என்னைக் கேட்டார்: "உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர்?"

"கரையில் பேய் என்றார்கள். டாக்டர் கிழட்டுப் புத்தி என்றார். இங்கே?"

"இந்த வகைக்கு என்னிடமும் பெயரில்லை."

அந்தக் கரையில் நைனாவின் நோய்க்குப் பொய்ப்பெயர். இந்தக் கரையில் பெயரே இல்லை. நடுவில் நான், அவரைத் தோளில் சுமந்துகொண்டு, இறக்கி வைக்க இடமில்லாமல்.