சமாதானப் பேச்சில் சதாசிவம் கேட்ட நிலம்

1. உடைந்த கீபோர்டு

பிஜித் தீவின் தலைநகர் சுவாவில், சமபுலா பகுதியில் ஒரு பேக்கரியின் மேல்மாடியில் நெட் கடை வைத்திருந்தேன். வார நாட்களில் பிரின்ட், பயோடேட்டா, ஈமெயில் என்று வேலை போகும். சனிக்கிழமை மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, எல்லா கம்ப்யூட்டரையும் ஒரே நெட்வொர்க்கில் இணைத்து வரலாற்றுப் போர் விளையாட்டு நடத்துவேன். ஆளுக்கொரு பழைய ராஜ்யத்தை எடுத்துக்கொண்டு, வரைபடத்தின் மேல் சில நூற்றாண்டுகள் ஆள வேண்டும். வரி, படை, கல்யாண உறவு, போர் எல்லாம் உண்டு. ஹோஸ்ட் நான். யாருக்கும் சாயாமல் ஆட்டத்தை ஓட்டுவதும், தகராறு வந்தால் தீர்ப்பதும் என் வேலை.

முதல் சனிக்கிழமையே தகராறு வந்தது. இங்கிலாந்து ஆடிய டாக்ஸி டிரைவரைப் பிரான்ஸ் ஆடிய பேங்க் கிளார்க் ஜெயித்துவிட்டார். போரில் ஜெயித்தவுடன் நிலம் கைக்கு வந்துவிடாது. பீஸ் ஸ்கிரீன் என்று சமாதானம் பேசும் திரை ஒன்று திறக்கும். எவ்வளவு ஜெயித்தோமோ அதற்கேற்ப வார் ஸ்கோர் இருக்கும். ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒரு விலை. ஸ்கோர் தாங்கும் அளவுக்குத்தான் கேட்க முடியும். கிளார்க் ஒரு வார்த்தை பேசாமல், ஸ்கோர் தாங்கிய அத்தனையையும் டிக் செய்து அனுப்பினார். டிரைவர் கீபோர்டைத் தூக்கிச் சுவரில் அடித்தார்.

"தோத்ததுக்கு இல்லண்ணே. ஒரு வார்த்தை கேக்கலியே, அதுக்குத்தான்," என்றார்.

அடுத்த வாரம் ஒரு சட்டம் போட்டேன். போரை எந்த நேரமும் தொடங்கலாம். சமாதானம் மட்டும் பின்னறை மேசையில் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசிய பிறகுதான் ஸ்கிரீனில் ஏற வேண்டும். குடிக்க டீயோ கிராக்கோ நான் தருவேன். யாங்கோனா வேரை இடித்துத் தண்ணீரில் கலக்குவதைத்தான் நாங்கள் கிராக் என்போம். இரண்டு மிடறு போனால் நாக்கு மரத்துப் பேச்சு நிதானமாகிவிடும். அதன்பின் என் கடையில் எதுவும் உடையவில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கடையில் பேச்செல்லாம் பிஜி ஹிந்தியும் ஆங்கிலமும்தான். என் அம்மா மெதடிஸ்ட் சர்ச்சில் தமிழ் வேதாகமம் வாசிப்பவர். எனக்குத் தமிழ் எழுத்து வந்தது அப்படி. என்னோடு தமிழில் பேசியவன் சதாசிவம் ஒருவன்தான். மற்றவர்கள் பேசியதை நானே தமிழாக்கி எழுதுகிறேன்.

2. குறைவாகக் கேட்பவன்

சதாசிவம் தீவின் வடக்கே ரக்கிரக்கிப் பக்கம் கரும்பு போடும் குடும்பம். சுவாவில் ஒரு சர்வே ஆபீஸில் மேப் வரைகிற வேலை. அவன் மனைவி தேவி நர்ஸ். ஆட்டத்தில் ஹங்கேரி ஆடுவான். அவன் எல்லையில் துருக்கி ஆடியவன் ஜோனே. ஹார்பரில் கிரேன் ஓட்டுகிற பிஜியன், அந்த மண்ணின் பூர்வகுடி. ஆள் ஆறடி, குரல் மட்டும் மெதுவாக வரும். இரண்டு பேரும் வாரா வாரம் சண்டை போடுவார்கள், பிறகு ஒரே பஸ்ஸில் வீட்டுக்குப் போவார்கள்.

சதா சமாதானம் பேசும்போது மற்றவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பின்னறை வாசலில் நிற்பார்கள். முழு ஸ்கோர் இருந்தாலும் ஒரு மாகாணம், மிஞ்சினால் இரண்டுதான் கேட்பான். அது ஆற்றங்கரைக் கோட்டையாகவோ துறைமுகமாகவோ இருக்கும். ஒரு தடவை நானே கேட்டேன்.

"ஏன் சதா, அஞ்சு எடுக்கலாமே?"

"எடுக்கலாம் அண்ணே. அஞ்சையும் கோர் பண்ண வருஷக்கணக்கா ஆவும். அதுக்குள்ள உள்ள கலகம் கெளம்பும், பக்கத்து நாட்டுக்காரனெல்லாம் பயந்துபோய்க் கூட்டணி போடுவான். நாளைக்கும் இந்த ஜோனே மூஞ்சியிலதான நான் முழிக்கணும்?"

கோர் செய்வது என்றால், பிடித்த நிலத்தைச் சொந்த நிலமாக ஆக்குவது. பிடிப்பது ஒரு நாள் வேலை, சொந்தமாக்குவது பல வருஷம். புதிதாக ஆட வருகிறவர்களுக்கு இதைப் புரியவைக்கத்தான் நான் அதிகம் மெனக்கெட்டிருக்கிறேன்.

3. ரக்கிரக்கி

இரண்டாயிரத்து ஆறில், கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்த சமயம், சதா முகம் வாடி வந்தான். ஊரில் அவன் அப்பாவின் லீஸ் அந்த வருஷக் கடைசியில் முடிகிறது. நிலம் மத்தாங்காலிக்குச் சொந்தம். மத்தாங்காலி என்றால் பிஜியர்களின் குலம். அந்தக் குலத்துப் பிள்ளைகள் பலர் டவுனில் வேலை கிடைக்காமல் திரும்பி வந்துவிட்டார்கள். அவர்களுக்கு நிலம் வேண்டும், ஆகவே லீஸ் புதுப்பிக்க மாட்டோம் என்று தகவல் வந்திருக்கிறது.

ஜோனே குலத்தின் பெயரைக் கேட்டான். சதா சொன்னதும் தன் நாற்காலியை அவன் பக்கம் திருப்பினான். பிறகு, "அது எங்கம்மா குலம். அங்க பெரியவர் என் மோமோ," என்றான். மோமோ என்றால் தாய்மாமன். பிஜியர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சகோதரி மகன் தாய்மாமன் வீட்டில் வந்து ஒன்றைக் கேட்டால் அவர்கள் மறுக்கமாட்டார்கள். அதற்காக யாரும் சும்மா கேட்டுக்கொண்டிருப்பதும் இல்லை. கேட்டால் அதற்கொரு கனம் உண்டு.

"நான் இதுவரைக்கும் அவங்ககிட்ட எதுவும் கேட்டதில்ல," என்றான் ஜோனே. "இதுக்குக் கேக்குறேன்."

துணைக்கு என்னையும் அழைத்தார்கள். கிங்ஸ் ரோடு பஸ்ஸில் மூன்று பேரும் போனோம். ஜோனே மடியில் யாங்கோனா வேர்க்கட்டு. சதாவின் அப்பா கந்தசாமிக் கவுண்டர் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தார்.

"எல்லாத்தையும் கேளு," என்றார் மகனிடம். "எங்கப்பன் காட்ட வெட்டித் திருத்துன நெலம். ஒரு சாலு கொறையாமக் கேளு."

அவரையும் கூட்டிக்கொண்டு போய் ஜோனேயின் மாமன் வீட்டில் பாயில் உட்கார்ந்தோம். ஜோனே வேர்க்கட்டை முன்னால் வைத்து, தலை குனிந்து தன் மொழியில் பேசினான். மாமன் கைதட்டி அதை ஏற்றுக்கொண்டார். பிறகு ஹிந்திக்கு மாறினார். கரும்புக் காட்டுப் பக்கம் வளர்ந்தவர், எங்களைவிட நன்றாகப் பேசினார்.

"கந்தசாமி நல்ல மனுசன். அவன் மேல கோவம் இல்ல. எங்க பசங்க சும்மா குந்திக்கிட்டு இருக்கானுங்க. நான் என்ன செய்ய?"

கவுண்டர் வாயைத் திறப்பதற்குள் சதா பேசினான். "உங்க பசங்களுக்கு நெலம் வேணும்ங்கறது நியாயம். கரும்புக் காட்ட எடுத்துக்குங்க. வீடு, கிணறு, மாரியம்மன் கோயிலு, வீட்டுக்கு முன்னால இருக்கற ஒரு வயல், இத மட்டும் விடுங்க. அப்பா கடைசி வரைக்கும் இங்கயே இருக்கட்டும். எங்க குடும்பத்துல ஒருத்தர் இருக்கற வரைக்கும் இது எங்களோடதா இருக்கட்டும்."

மாமன் ஜோனேயைப் பார்த்தார். "நீ கேக்குறியா?"

"நான் கேக்குறேன் மோமோ."

"அப்போ குடுத்தாச்சு," என்றார்.

ஹோஸ்டாக எத்தனையோ சமாதானப் பேச்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அவ்வளவு சுத்தமாக முடிந்த பேச்சை அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. கவுண்டர் மட்டும் திரும்பும் வழியில் கரும்பு வரப்பில் நின்றுவிட்டார்.

"நீ எனக்காகப் பேசுனியா, அவனுங்களுக்காகப் பேசுனியா?" என்று மகனைக் கேட்டார். சதா அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

4. டிசம்பர்

டிசம்பரில் ராணுவம் ஆட்சியை எடுத்துக்கொண்டது. சுவாவில் ரோடு ரோடாக செக்பாயின்ட். தேவி டியூட்டி முடிந்து வந்த பஸ்ஸை நிறுத்தி, எல்லோர் பையையும் திறந்து பார்த்திருக்கிறார்கள். யாரும் மரியாதைக் குறைவாக நடக்கவில்லை. அந்தச் சிப்பாய் அவளை "சிஸ்டர்" என்றுதான் கூப்பிட்டானாம்.

இரண்டு நாள் கழித்துக் கடைக்கு வந்து, நியூசிலாந்து நர்ஸ் வேலைக்கு அப்ளை பண்ண ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்றாள். சதாவும் கூட நின்றான்.

"எண்பத்தேழுல நம்ம ஜனம் ஏத்துன ஆட்சியக் கவுத்தப்ப நான் ஸ்கூலு படிக்கிற பொண்ணு," என்றாள். "ரெண்டாயிரத்துல மறுபடியும் கவுத்தப்ப வயித்துல புள்ள. இப்ப அந்தப் புள்ளை ஸ்கூல் போறா. இன்னொரு தடவை கவுத்தா அதையும் பாக்க நான் இங்க நிக்கமாட்டேண்ணே."

சதா சொன்னான்: "ஜோனே மாமன் இப்பதான நெலத்தக் குடுத்தாரு. ஜோனேகிட்ட என்னன்னு சொல்றது?"

"நெலம் உங்கப்பாவுக்குக் குடுத்தது. நம்ம பொண்ணுக்கு யாரு என்ன குடுத்தாங்க?"

இரண்டு பேர் சொன்னதிலும் தப்பு இல்லை. அந்த மாதங்களில் நான் சனிக்கிழமை ஆட்டம் ஓட்டிய அதே கம்ப்யூட்டர்களில், வார நாளெல்லாம் ஆக்லாந்துக்கும் சிட்னிக்கும் போகிறவர்கள் அப்ளிகேஷன் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆட்டத்தில் ஒவ்வொரு நாற்காலியாகக் காலியானது. பிரான்ஸ் போனது. இங்கிலாந்து போனது. காலியான நாடுகளை கம்ப்யூட்டரே ஆடும்படி மாற்றிவிட்டேன்.

5. கடைசிப் பேச்சு

தேவிக்கு வேலை கிடைத்துவிட்டது. சதா ஜோனேயிடம் சொல்லவில்லை. ஹார்பரில் வேலை செய்கிறவனுக்கு யார் யார் பெட்டி கப்பலேறுகிறது என்று தெரியாமல் இருக்குமா?

கடைசியாக ஆடிய சனிக்கிழமை ஹங்கேரிக்கும் துருக்கிக்கும் பெரிய போர். சதாவின் கை ஓங்கியிருந்தது. கான்ஸ்டான்டிநோபிள் வரை அவன் படை நின்றது. பின்னறையில் உட்கார்ந்தோம். சதா கிராக்கைத் தொடவில்லை.

"ஒண்ணும் வேணாம். ஒயிட் பீஸ்," என்றான். யாருக்கும் எதுவும் இல்லாமல் பழைய எல்லைக்கே திரும்பும் சமாதானம் அது. "பிடிச்சதெல்லாம் திருப்பித் தந்துடறேன்."

ஜோனே அவனையே பார்த்தான். "எத சரிக்கட்டப் பாக்குற?"

சதா தலை குனிந்தான்.

"போறேன்னு என்கிட்ட சொல்லிருக்கலாம். நானும் போன்னுதான் சொல்லிருப்பேன். எனக்கும் தங்கச்சி இருக்கா, அவளுக்கும் புள்ளைங்க இருக்கு. ஆனா என் மோமோ வீட்டுல நான் தலை குனிஞ்சு கேட்டத இந்தப் பொம்மை நாட்ட வச்சு அடைக்காத."

எழுந்து போய்த் தன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தான். தோற்கிறவனும் பீஸ் ஆஃபர் அனுப்பலாம். சதா பிடித்திருந்த நிலம் அத்தனையையும் டிக் செய்து, எடுத்துக்கொள் என்று ஜோனேயே அனுப்பினான். சதாவின் ஸ்கிரீனில் அது வந்து நின்றது. ஏற்கிறாயா, மறுக்கிறாயா என்று இரண்டு பட்டன். சதா மவுஸில் கை வைத்தபடி வெகு நேரம் உட்கார்ந்திருந்தான். எதையும் அமுக்கவில்லை. கீழே பேக்கரிக்காரர் ஷட்டர் இறக்கும் சத்தம் கேட்டது. நான் ஆட்டத்தை சேவ் பண்ணிவிட்டு நிறுத்தினேன். அன்று அவர்கள் வேறு வேறு பஸ்ஸில் போனார்கள்.

6. பிறகு

கவுண்டர் மகனோடு போக மறுத்து ஊரிலேயே தனியாக இருந்தார். அடுத்த மழைக்காலத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. சதா வந்து ஆக்லாந்துக்கு அழைத்துப் போனான். இரண்டு வருஷம் அங்கே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்து இறந்துபோனார். ஜோனே பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்ந்து போய்விட்டான். எனக்கு ஆள் வராமல் போனதும் கடையை மூடிவிட்டு ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் லேப் பார்க்கப் போனேன்.

சில வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக ரக்கிரக்கி போனபோது அந்த வீட்டைப் பார்க்க நடந்தேன். இடிந்து கிடக்கும் என்று நினைத்தேன். வீடு பூட்டியபடி நின்றது. முற்றத்துப் புல் வெட்டியிருந்தது. கோயில் வாசல் பெருக்கியிருந்தது. முன்வயலில் யாரும் எதுவும் நடவில்லை, ஆனால் காடாகவும் விடவில்லை. சுற்றிலும் குலத்துப் பையன்களின் கரும்பும் மரவள்ளியும். அவர்களுக்கு அந்த வயலும் உபயோகப்பட்டிருக்கும்.

ஜோனேயின் மாமன் புல் வெட்டும் கத்தியோடு வந்தார். கண் பார்வை மங்கியிருந்தது. யார் என்று சொன்னேன்.

"ஜோனே கேட்டது," என்றார் வயலைக் காட்டி. "குடுத்ததத் தொடக்கூடாது. கந்தசாமி மகன் எப்ப வர்றான்?"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அன்று சாயங்காலமே சதாவுக்குப் போன் பண்ணினேன். பார்த்ததையும் மாமன் கேட்டதையும் சொன்னேன். "அவங்களே எடுத்துக்கச் சொல்லுங்கண்ணே," என்றான்.

"நான் சொன்னா எடுக்கமாட்டாங்க. கேட்ட மாதிரியே வேர்க்கட்டோட வந்து நீதான் திருப்பித் தரணும்."

"வர்றேன்," என்றான். "பொண்ணுக்குப் பரீட்ச முடியட்டும்." அந்தப் பெண் இப்போது வேலைக்குப் போகிறாள். அவன் இன்னும் வரவில்லை. அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வந்தால் அந்த முற்றத்தில் என்ன பார்க்க வேண்டியிருக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

இன்று ஆட்டம் நடத்தும் இளைஞர்கள் சமாதானத்துக்கு என்ன சட்டம் வைப்பது என்று என்னைக் கேட்கிறார்கள். அதிகம் கேட்காதே என்றுதான் நான் முன்பெல்லாம் சொல்வேன். சதா அதிகம் கேட்கவில்லை, கொடுத்தவரும் ஏமாற்றவில்லை. ஆகவே இப்போது வேறு ஒன்றைச் சொல்கிறேன். நிலம் கேட்பவனிடம், அங்கே யார் குடியிருக்கப் போகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். அந்த ஆளையும் மேசைக்குக் கூட்டி வந்து உட்காரவையுங்கள். அன்று ரக்கிரக்கிப் பாயில் தேவிக்கு ஓர் இடம் போட எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.