நெட்டையனுக்குப் பாதி ரொட்டி

தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து இறங்கி வந்து அடுப்போரம் காலை நீட்டினேன். என்னோடு மலை ஏறி இறங்கி நனைந்த நாய் என் பாதத்தின் மேலேயே படுத்தது. அந்த ஈரமயிர் வாடை, செத்துப்போன அம்மாவைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார வைத்தது.

தோட்டத்துத் துரை பங்களா வேட்டைநாய்க்கும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து நாய்க்கும் பிறந்தவன், நான் சிறுமியாக இருந்தபோது எங்களிடம் இருந்த நெட்டையன். கால் மட்டும் பங்களா, மற்றதெல்லாம் லயம். வேலை முடிந்து வரும் அம்மா, தன் காலைப் பார்க்குமுன் அவன் விரலிடுக்கில் ரத்தம் குடிக்கும் அட்டை தேடுவாள். பிறகு தன் ரொட்டியில் பாதியை அவனுக்குப் பிய்த்துப் போடுவாள்.

“எங்களுக்கு ஏன் இல்ல?” என்று கேட்டால் சீறுவாள். “நீங்க பள்ளிக்கூடத்துல உக்காந்துட்டு வந்தீங்க. அவன் என்னோட மலை ஏறி எறங்கியிருக்கான்.”

இப்போது ரொட்டியைப் பிய்த்த என் கையைப் பார்த்து, “நாய்க்கு எதுக்கும்மா?” என்றாள் என் மகள்.

பாதியைப் போட்டுவிட்டு, நாயின் காலை மடியில் எடுத்து அட்டை தேடினேன்.