குறைந்தபட்சத் தொகை

லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் ஒன்றுகூட இல்லை. அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். வீட்டில் மற்றவர்களும் அதை நம்பியதால் வந்த வினைதான் இவ்வளவும்.

மூன்றரை வருடத்துக்கு முன்னால் கிரெடிட் கார்டில் அறுபதாயிரத்துக்கு ஒரு பெரிய பிரிட்ஜும் துணி துவைக்கும் மெஷினும் வாங்கினார். மாதாமாதம் பில் வரும். அதில் 'குறைந்தபட்சம் செலுத்த வேண்டியது' என்று ஒரு தொகை இருக்கும், மூவாயிரத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. அதை ஒருநாள் தவறாமல் கட்டினார். கட்டியதும் கார்டில் கொஞ்சம் இடம் கிடைக்கும். அதில் மளிகை, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் என்று தேய்த்துக்கொள்வார். ஒரு போன் வந்ததில்லை, ஒருவர் வாசலில் வந்து நின்றதில்லை. இதைவிட ஒழுங்கான கடன்காரன் உண்டா என்று அவருக்கு ஒரே பெருமை.

இந்தப் பெருமையைச் சும்மா வைத்துக்கொள்ளவும் தெரியவில்லை. மனைவியின் தங்கை புருஷன், அதாவது இவருடைய சகலை, கூரியர் கம்பெனியில் வேன் ஓட்டுகிறவர். தன் மனைவியின் குடல்வால் ஆபரேஷனுக்கு எண்பதாயிரத்தைக் கார்டில்தான் தேய்த்திருந்தார். போன வாரம் காப்பீட்டுக் கம்பெனி அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. கார்டை அடைத்துவிடலாம் என்றுதான் அந்த மனுஷன் கிளம்பினார். தடுத்தது இவர். "கையில வந்த காசை யாராவது பேங்க்ல கொண்டு போய்க் கொட்டுவாங்களா? மினிமம் கட்டுங்க, போதும். இந்தப் பணத்துல சொந்தமா ஒரு பழைய வேன் வாங்குங்க." சகலையும் தலையாட்டிவிட்டு வேன் பார்த்துவிட்டார். இன்று மாலை ஆறு மணிக்கு முன்பணம்.

இன்று காலை பிரிட்ஜ் உயிரை விட்டது. இவ்வளவு ஒழுங்காகக் கட்டியவனுக்குக் கார்டில் தாராளமாக இடமிருக்கும் என்று புதிது வாங்கக் கடைக்குப் போனார். கார்டை மெஷின் இரண்டு தரம் துப்பியது. கடைக்காரப் பெண், "வேற கார்டு இருக்கா சார்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். நேராகப் பேங்குக்குப் போய்ச் சண்டை போட்டார். அங்கிருந்த பையன் குரலை உயர்த்தாமல் ஒரு தாளை அச்செடுத்து நீட்டினான்.

"இதுவரைக்கும் ஒரு லட்சத்து இருபதாயிரம் கட்டியிருக்கீங்க சார். இன்னும் ஐம்பத்தொன்பதாயிரத்து நானூறு பாக்கி."

"அதெப்படிங்க?"

"மாசம் நூத்துக்கு மூணரை வட்டி சார். நீங்க கட்டுற மூவாயிரத்துல ரெண்டாயிரத்துக்கு மேல வட்டிக்கே போயிடும். மீதியில நீங்க மறுபடியும் மளிகை வாங்கிடுறீங்க."

லிஃப்டின் மோட்டார் அறையில் ஒரு அட்டை தொங்கும். மாதாமாதம் மோட்டாரைத் திறந்து பார்த்துவிட்டு அதில் கையெழுத்துப் போட வேண்டும். திறக்காமலே கையெழுத்துப் போட்ட இரண்டு பேரை அவர் வேலையை விட்டே விரட்டியிருக்கிறார். இப்போது தன்னை எங்கே விரட்டுவது என்று தெரியவில்லை. பேங்கின் மேல் கோபம், பையனின் மேல் கோபம், செத்துப்போன பிரிட்ஜின் மேல்கூடக் கோபம். மணி ஐந்தே கால் ஆனதும் இந்தக் கோபமெல்லாம் அடங்கிச் சகலையின் ஞாபகம் வந்தது. ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினார்.

சகலையின் வீட்டுக்குள் நுழைந்தபோது மூச்சு வாங்கியது. பணக்கவர் மேஜைமேல் இருந்தது. இவருடைய மனைவியும் அங்கேதான் இருந்தாள், தங்கை வேன் வாங்குவதைப் பார்க்க வந்திருந்தாள்.

"சகலை, அந்தப் பணத்தைக் குடுக்காதீங்க. முதல்ல கார்டை அடைச்சிடுங்க."

சகலை சிரித்தார். "போன வாரம் வேற மாதிரி சொன்னீங்களே."

"தப்பாச் சொல்லிட்டேன்."

"மூணரை வருஷமா நீங்க மட்டும் மினிமம் கட்டலாம். நான் கட்டினா தப்பா?" சகலையின் சிரிப்பு போய்விட்டது. "நான் சொந்தமா ஒரு வண்டி வாங்குறது உங்களுக்குப் பொறுக்கலைன்னா நேராச் சொல்லிடுங்க."

"என்ன மாமா இது, நல்ல நேரம் பார்த்து வந்து இப்படிப் பேசுறீங்க?" என்றாள் தங்கை. புருஷனால் தங்கை வீட்டில் தலைகுனிவு என்பது மனைவியின் முகத்திலேயே எழுதியிருந்தது.

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்லதுக்கு ஓடி வந்தவனுக்குப் பொறாமைக்காரன் பட்டம். எக்கேடோ கெட்டுப் போங்கள் என்று திரும்பி நடந்திருப்பார், நடக்கவும் இரண்டடி எடுத்து வைத்தார். வாசலில், முன்பணம் வாங்க வந்த வேன் சொந்தக்காரர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. யாருக்கும் காட்டக் கூடாது என்று நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்திருந்த தாளை எடுத்துப் பணக்கவரின் மேல் விரித்து வைத்தார்.

சகலை படித்தார். விரலை வைத்து மறுபடியும் படித்தார். வாசலைப் பார்த்து, "அண்ணே, மன்னிச்சிக்குங்க, இன்னைக்கு வேணாம்" என்றார். பிறகு கவரை எடுத்துத் தன் மனைவியின் கையில் கொடுத்தார்.

தாள் கடைசியாக மெக்கானிக்கின் மனைவியிடம் வந்தது. அவள் மெதுவாகத்தான் படித்தாள்.

"இது நம்ம பிரிட்ஜுக்கா?"

"ஆமா."

"மாசாமாசம் வீட்டுக்கும் இப்படி ஒரு தாள் வந்துச்சே. இதெல்லாம் அதுல இல்லையா?"

"இருந்துச்சு," என்றார் அவர். "நான் கட்ட வேண்டியது எவ்வளவுன்னு மட்டும்தான் பார்த்தேன்."