துப்பிய தோல்

எங்கள் ஊரில் யாரும் திராட்சைத் தோலைத் தின்பதில்லை. கம்பத்திலிருந்து சுருளிக்குப் போகிற சாலையின் இரு பக்கமும் பந்தல்தான். பன்னீர் திராட்சையை உதட்டில் வைத்து ஓர் அமுக்கு. சதை உள்ளே, தோல் வெளியே. வெளியூர்க்காரர்கள் முழுசாக மெல்வதைப் பார்த்தால் எங்களுக்குச் சிரிப்பு வரும். ஏன் துப்புகிறோம் என்று, கல்லூரியில் தாவரவியல் படிக்கப் போகும்வரை நானும் கேட்டதில்லை.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் அப்பாவுக்கு மறதி தொடங்கியது. தண்ணீர் திருப்பப் போனவர் வரப்பில் நின்று, எதற்கு வந்தோம் என்று மண்ணையே பார்த்துக்கொண்டிருப்பார். மதுரை டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, கீரை, பீட்ரூட், கறுப்புத் திராட்சை எல்லாம் சேர்க்கச் சொன்னார்.

"திராட்சையத் தோலோட குடுங்க. அந்தக் கறுப்பு மூளைக்கு நல்லதுன்னு சொல்றாங்க. ஆனா அதுலயே குணமாயிரும்னு நெனச்சுக்காதீங்க."

அந்தக் கடைசி வாக்கியம் என் காதில் ஏறவே இல்லை. கல்லூரி நூலகத்தில் தேடித் தேடிப் படித்தேன். அந்தக் கறுப்பின் பெயர் அந்தோசயனின். நாவல் பழத்திலும் கத்தரித் தோலிலும் இருப்பது அதே நிறமிதான். மூளைச் செல்கள் தேய்வதை அது தாமதப்படுத்துமா என்று உலகமே ஆராய்ந்துகொண்டிருந்தது. அது எங்கள் தலைக்கு மேலே பந்தல் பந்தலாகத் தொங்கியது.

சனிக்கிழமை ஊருக்குப் போனதும் நேரே பந்தலுக்குள் நுழைந்து ஒரு குலையை அறுத்தேன். அண்ணன் ஓடிவந்து கையிலிருந்து பிடுங்கினான். அப்பாவுக்கு மறதி வந்தபிறகு தோட்டத்தைப் பார்ப்பவன் அவன்தான்.

"ஏலே, இது யாவாரத்துக்கு. நேத்துத்தான் மருந்து அடிச்சிருக்கு. வீட்டுக்குன்னா மோட்டார் ரூம் கொடி இருக்குல்ல, அங்கன அறு."

மோட்டார் ரூம் சுவரில் ஏறிய அந்த ஒற்றைக் கொடிக்கு மட்டும் யாரும் எதுவும் அடிப்பதில்லை. சின்ன வயதிலிருந்து நாங்கள் தின்றதெல்லாம் அதில் பறித்ததுதான். அது ஏன் தனியாக நிற்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

"அப்ப இத வாங்கித் திங்கிறவுக வீட்டுல புள்ளகுட்டி இல்லையாண்ணே?"

"மருந்து அடிக்காம புள்ளி விழுந்த குலைய நீ வாங்குவியா? யாவாரி பளிச்சுன்னு கேக்குறான். படிச்சவன் நீயே போயி அவன்கிட்டச் சொல்லு."

பந்தலடியில் கிடந்த மருந்து டப்பாவைத் தூக்கிப் பார்த்தேன். அடித்தபின் எத்தனை நாள் பொறுத்துப் பறிக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில், எறும்பு ஊர்ந்தது மாதிரி அச்சடித்திருந்தார்கள். தமிழில் பெரிதாக இருந்தது கம்பெனி பெயர் மட்டும்தான். இதை விற்றவனுக்கு வாயில்லையா? பறித்து ஏற்றுகிற வியாபாரிக்கு மூக்கில்லையா?

வீட்டுக் கொடியில் அறுத்த குலையை அப்பா முன்னால் வைத்தேன். ஒன்றை எடுத்தார். அமுக்கினார், விழுங்கினார், தோலைத் தட்டில் துப்பினார்.

"தோலையும் தின்னுங்கப்பா. டாக்டர் சொன்னாகல்ல."

"ம்." அடுத்த தோலும் வெளியே வந்தது.

தின்று காட்டுவோம் என்று நானே ஒன்றை வாயில் போட்டு மென்றேன். காலையில் என்னைப் பார்த்து, எந்த ஊர்த் தம்பி என்று கேட்டிருந்த அப்பா, எட்டி என் தாடையைப் பிடித்தார்.

"துப்புலே."

"இது வீட்டுக் கொடிப்பா."

"நான்தானலே அடிச்சேன். எனக்குத் தெரியாதா? துப்பு."

வருஷக்கணக்காக முதுகில் மருந்து டேங்கைக் கட்டிப் பந்தலுக்கடியில் நடந்தவர். நான் துப்பும்வரை பிடியை விடவில்லை. என் பெயர் போயிருந்தது, ஊர் போயிருந்தது, இது மட்டும் போகவில்லை. எனக்கு வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல், தட்டை அப்படியே எடுத்துப்போய் அண்ணன் முன்னால் வைத்தேன். அவன் அந்தத் தோலையே பார்த்தான்.

"தோலோட மிக்சியில அடிச்சுக் குடுப்போம்" என்றான்.

கொடுத்தோம். அப்பா டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"எந்தக் கொடி?"

"மோட்டார் ரூம் கொடிப்பா" என்றான் அண்ணன்.

நான் சொன்னபோது நம்பாதவர், அவன் சொன்னதும் மடமடவென்று குடித்தார். இப்போது அடிக்கிறவன் அவன்தானே.

திங்கட்கிழமை நான் கல்லூரிக்குக் கிளம்பும்போது, வெள்ளிக்கிழமை அடித்த அதே பந்தலில் பறித்து மதுரை லாரியில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மதுரையில் அந்தப் பெட்டியைப் பிரிக்கிறவர் எந்தக் கொடி என்று யாரிடம் கேட்பார்?