பல்லக்காவும் ஒரு மில்லிமீட்டர் காட்டேரியும்

இன்றைக்கு நான் யாரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன் தெரியுமா? வாரம் தவறாமல் நாம் பார்க்கும் அந்தக் காட்டேரிக் காதல் தொடரில், அண்ணன் தம்பி மூன்று பேரும் நாயகியின் கழுத்தருகே குனியும்போது பளிச்சென்று தெரியுமே நீளமான கோரைப்பற்கள், அவற்றைச் செய்பவரை. வந்ததும் வராததுமாகத் தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பல்லக்கா என்றுதான் தெருவே கூப்பிடுகிறது. கீழே பல் டாக்டர் வாயில் அளவெடுத்து அனுப்புவார். மாடியில் ஒற்றை அறையில் அக்கா பல்செட் செய்வார். சுவர் முழுக்க அட்டைப்பெட்டிகள், ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவருடைய வாயின் அச்சு. அச்சு மாவு கரைத்த கிண்ணங்களைக் கழுவப் பத்தொன்பது வயதில் வந்தவர், முப்பத்திரண்டு வருடமாக அதே ஜன்னலோரம்தான். ஒன்பது வருடத்துக்கு முன்னால் பல்வலியோடு வந்த ஒரு மேக்கப்காரர், "அக்கா, ரெண்டு கோரைப்பல் மட்டும் பெருசா செஞ்சு குடுங்களேன்" என்று கேட்டிருக்கிறார். அன்று பிடித்த சனி. சினிமாவோ சீரியலோ நாடகமோ, எந்தக் காட்டேரி காதலில் விழுந்தாலும் பல் இங்கிருந்துதான் போகிறது.

"எங்க வீட்டுக்காரர் வாயில நாலு பல்லு இல்ல. ஒன்பது மாசமா நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிட்டு இருக்கேன். காட்டேரிக்கு மட்டும் நாள் தவறாம போகுது."

நான் நூறு கேள்வி எழுதிக்கொண்டு போயிருந்தேன். முதல் கேள்வியிலேயே படுத்துவிட்டது. நம் தொடரை அவர் பார்த்ததே இல்லையாம்.

"ரெண்டு நிமிஷம் பாத்தேன். அந்தப் பையன் வாய மூட முடியாம நிக்கறான். நீங்க எல்லாம் அத ஏக்கம்னு சொல்றீங்க."

அதற்குள் போன். தொடரின் உதவி இயக்குநர். நாயகனுக்குப் பல் இன்னும் இரண்டு மில்லி நீளம் வேண்டுமாம்.

"தம்பி, போன தடவ ஏத்தினதுக்கே அவரு காதல் வசனம் பேசினா வாயில தண்ணிய வெச்சுட்டுப் பேசற மாதிரி இருக்குன்னு நீங்கதான சொன்னீங்க? இன்னும் ரெண்டு ஏத்தினா ஊமைப்படம்தான் எடுக்கணும்." போனை வைத்துவிட்டு, "இவனுங்களோட மாரடிக்கவே சரியா இருக்கு" என்றார்.

அப்போதுதான் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒருவர் படியேறி வந்தார். லிஃப்ட் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்து நான்கு. மதியம் மூன்று மணிக்குப் பதிவு அலுவலகத்தில் அவருக்குக் கல்யாணம். நூலகத்தில் வேலை பார்க்கும் ஒரு அம்மாவோடு. இருவருக்குமே இது இரண்டாவது. பழையதை எடுத்துவிட்டுப் புதுப் பல்செட்டைக் காலையில்தான் டாக்டர் மாட்டிவிட்டு, மாடிக்குப் போகச் சொல்லியிருக்கிறார்.

"கைக்குட்டைய எடுங்கண்ணே," என்றார் அக்கா.

எடுத்தார். மற்ற பற்களைவிட இரண்டு கோரைப்பற்கள் மட்டும் ஒரு மில்லிமீட்டர் இறங்கி நின்றன.

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். விஷயம் இதுதான்: இரண்டு வாரமாகத் தொடரின் மூன்று சகோதரர்களுக்கும் பல் இழைத்த கை, அதே பழக்கத்தில் இவருக்கும் நீட்டிவிட்டது. வழக்கமாகப் பல்லை முதலில் மெழுகில் நிறுத்தி வாயில் வைத்துப் பார்ப்பார்கள். கல்யாணத் தேதி முன்னால் வந்ததால் அந்த ஒரு படியைத் தாண்டிவிட்டார்கள்.

"என் புத்தி எங்க மேயப் போச்சு. கழட்டுங்கண்ணே, தேய்ச்சா சரியாயிடும்."

அவர் கழற்றவில்லை. "இருக்கட்டும் விடும்மா."

"எது இருக்கட்டும்?"

"அவங்க புத்தக அலமாரிய நீ பாக்கலயே. ரெண்டு தட்டு முழுக்கக் காட்டேரிதான். அட்டையில ஒவ்வொருத்தனுக்கும் தாடை கத்தி மாதிரி. முந்நூறு வயசு, ஒரு முடி நரைக்கல. எனக்கு அறுபத்தி நாலுக்கே ஒரு பல்லு மிச்சமில்ல. தானா ஒரு நல்லது நடந்திருக்கு, அதையும் தேய்க்கணுமா?"

"நல்லாத்தான் இருக்கு அக்கா," என்றேன் நான்.

"நீ வாய மூடு. உனக்காவது மூட முடியுது." அவர் பக்கம் திரும்பி, "எங்க, சம்மதம்னு சொல்லுங்க பாப்போம்" என்றார்.

சொன்னார். பாதியில் பல்செட் ஒரு பக்கம் கிளம்பி, டக்கென்று உட்கார்ந்தது. அக்கா ஒரு பிஸ்கட் கொடுத்தார். தாடையைப் பக்கவாட்டில் அசைக்கவே முடியவில்லை. நீண்ட பல் இடிக்கிறது.

"அதிகாரி முன்னாடி பல்லு மேசை மேல விழும். பரவாயில்லயா?"

"கெட்டியா கடிச்சுக்கறேன்."

"கடிச்சுக்கிட்டே எப்படிண்ணே சம்மதம் சொல்லுவீங்க? சாயந்தரம் சாப்பிட வேணாமா?"

"ஒரு நாள்தான. போட்டோ எடுத்து முடியட்டும்."

அரை மணி நேரம் இதே பாட்டு. அக்கா உருட்டினார், மிரட்டினார், கடைசியில் கெஞ்சிக்கூடப் பார்த்தார். மனிதர் வாயைத் திறந்தால்தானே. மணி ஒன்றைத் தாண்டியது. ஆளைக் காணோமே என்று தேடி அந்த அம்மாவே படியேறி வந்துவிட்டார். இவர் மறுபடியும் கைக்குட்டையால் வாயைப் பொத்தினார். அந்த அம்மா அதை விலக்கிப் பார்த்தார்.

"இது எனக்காகவா?"

தலையாட்டினார். "ரெண்டு தட்டு முழுக்கக் காட்டேரி வெச்சிருக்கீங்களாமே," என்றார் அக்கா.

"ரெண்டு தட்டு இல்ல, மூணு தட்டு. அத்தனையும் படிச்சாச்சு. சினிமாவும் விடல. ஒண்ணுலயாவது அந்தக் காட்டேரி அவளோட உக்காந்து சாப்பிட்டிருக்கானா? அவ சாப்பிடுவா, இவன் பாத்துட்டே நிப்பான். எங்க வீட்டுல ஏழு வருஷமா எதிர் நாற்காலி காலியா கிடக்கு. பாத்துட்டே நிக்க எனக்கு ஆள் வேணாங்க. சாப்பிட ஆள் வேணும்."

அவர் இரண்டு முறை வாய் வரைக்கும் கையைக் கொண்டுபோய் இறக்கினார். அந்த அம்மா முன்னால் பல்செட்டைக் கழற்றியதே இல்லை என்று அந்தக் கையிலேயே தெரிந்தது. பிறகு கழற்றினார். கன்னம் இரண்டும் உள்ளே போயின. அந்த அம்மா பார்வையைத் திருப்பவில்லை. நான்தான் திருப்பிக்கொண்டேன், கண் கலங்கிவிட்டது.

அக்கா மெஷினைப் போட்டார். தேய்ப்பார், மாட்டுவார், பல்லுக்கு நடுவே நீலக் காகிதத்தை வைத்து "அரைங்க" என்பார், நீலம் படிந்த இடத்தை மறுபடி தேய்ப்பார். ஐந்தாவது முறை "சம்மதம்" அசையாமல் வந்தது. பிஸ்கட்டும் உள்ளே போனது.

"ரெண்டு நாள் கழிச்சு ஈறு வலிக்கும். வலிச்சா கழட்டி டிராயர்ல போடாம இங்க வாங்க," என்று அக்கா சொல்லச் சொல்லவே, இருவரும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்கள். மணி இரண்டேகால்.

இதைப் படிக்கிற நண்பர்களே, இடம் எது என்று கேட்டால் தனியாகச் சொல்கிறேன். கோரைப்பல் கேட்டுப் போய் அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதீர்கள். உங்கள் வீட்டில் வலிக்கிறது என்று பல்செட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபிறகு பாலில் நனைத்த ரொட்டியோடு தனியாக உட்காருகிற ஒருவர் இருப்பார். அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அப்படி ஒருவர் இருக்கிற வீடு தெரிந்தால், இதை அங்கே அனுப்பிவையுங்கள்.