என் வாயைப் பார்த்த வகுப்பு

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். நடுநடுவே சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

கொரோனா வந்தபோது அவள் பல் டாக்டர் படிப்பில் கடைசி வருஷம். காலேஜை மூடிவிட்டார்கள், பாடமெல்லாம் செல்போனில். பெங்களூர் அல்சூரில் எங்கள் வீடு ஒரே அறை. சிக்னல் வருவது ஜன்னலோரம் மட்டும்தான், அதுதான் என் இடமும். ஆக, நானும் வகுப்பில் உட்கார்ந்தேன். நான் இட்லியைப் பிட்டு வாயில் வைக்கும் நேரம் பார்த்துத்தான் யாருடைய நாக்குப் புண்ணாவது திரையில் வந்து நிற்கும். முதலில் குமட்டியது. அப்புறம், "இது நேத்து வந்த நாக்குதானே?" என்று கேட்கிற அளவுக்குத் தேறிவிட்டேன்.

ஒரு நாள் பேத்தி அழுதுகொண்டிருந்தாள். ஆளுக்கொரு நோயாளியின் வாயைக் கேமராவில் காட்டி, என்ன கோளாறு என்று டீச்சரிடம் சொல்ல வேண்டுமாம். சொன்னால்தான் மார்க். ஊரே முகத்தை மூடிக்கொண்டு திரியும்போது வாயைத் திறந்து காட்ட யார் வருவார்கள்?

"ஏண்டி, நான் மனுஷி இல்லையா? என் வாயப் பாரு."

டார்ச் அடித்து, ஸ்பூன் காம்பால் கன்னத்தை ஒதுக்கிப் பார்த்தாள். நான் வெற்றிலையை அடக்கி வைக்கும் பக்கத்தில், கன்னத்தின் உள்ளே பழுப்பாக ஒரு படலம், உரிந்த தோல் மாதிரி. அழுதவள் துள்ளிக் குதித்தாள்.

"ஆயா! சூப்பர் கேஸ் நீ!"

உடனே போட்டோ எடுத்துக்கொண்டாள். பெண் பார்க்க வந்த அன்று என் வீட்டுக்காரர்கூட என்னைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. வெற்றிலையைப் பழக்கிவிட்டதே அவரைப் பெற்ற அம்மாதான், கோலார் தங்கவயலில். அந்தம்மா சுண்ணாம்பு தடவும் அழகு இருக்கிறதே... சரி, அது இருக்கட்டும்.

அடுத்த வாரம் பரீட்சை. பெரிய படிப்புப் படித்த டீச்சரம்மா, அத்தனை பிள்ளைகள், எல்லாரும் பார்ப்பார்கள். கறை வாயோடு போய் உட்காருவேனா? விருந்தாளி வந்தால் வீட்டைப் பெருக்குகிறோம் இல்லையா? அன்றைக்கே வெற்றிலையை நிறுத்தினேன். கடை மூடியிருப்பதால் போடவில்லை என்று பேத்தி நினைத்துக்கொண்டாள். வேளைக்கு வேளை உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன். பரீட்சையன்று துவைத்த புடவை, நெற்றி நிறைய விபூதி.

"அஜ்ஜி, பாயி தெகீரி" என்றார் டீச்சர் கன்னடத்தில். வாயைத் திறந்தேன். பேத்தி டார்ச் அடித்தாள். கை அப்படியே நின்றுவிட்டது.

"ஆயா, எங்க போச்சு?"

"எது?"

"கறை!"

"கழுவிட்டேன்டி. அவ்ளோ பெரியவங்க பாக்கறாங்க, அசிங்கமாவா காட்டுவாங்க?"

அவள் முகம் செத்துவிட்டது. மார்க்கையும் சேர்த்துக் கழுவிவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. டீச்சரோ விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு தமிழுக்கு வந்தார்.

"அஜ்ஜி, வெத்தல நிறுத்தி எவ்ளோ நாளாச்சு?"

"ஒரு வாரம்மா. அவளத் திட்டாதீங்க. தப்பு என்னுது."

"தப்பே இல்ல அஜ்ஜி." பேத்தியைக் கேட்டார்: "பழைய போட்டோ இருக்கா? காட்டு. இப்போ வாயையும் பாரு. நிறுத்தினதும் போயிடுச்சுன்னா, அது என்ன?"

பேத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வெத்தல பாக்கு போடறதால வந்த படலம், மேம். நிறுத்தினா போயிடும். நிறுத்தியும் போகலன்னாதான் பயப்படணும்."

"கரெக்ட். ஃபுல் மார்க்."

எனக்கு உயிர் வந்தது. வந்த வேகத்தில் கேட்டேன்: "அப்போ நாளைலேருந்து போட்டுக்கலாமாம்மா?"

அதுவரை ஊமையாக இருந்த பிள்ளைகள் எல்லாம் மைக்கைத் திறந்து, வேண்டாம் என்று அவரவர் பாஷையில் ஒரே கத்தல்.

"பேடா அஜ்ஜி!"

"வேணாம் பாட்டி!"

"நக்கோ நானி, நக்கோ!"

இப்போது பேத்தி கிளினிக்குக்குப் போகிறாள். பகலெல்லாம் ஜன்னலோரம் நான் மட்டும். இட்லி சாப்பிடும்போது எதிரே ஒரு நாக்கும் வருவதில்லை. வாய் நமநமக்கும், வெற்றிலைக் கடையும் தெருமுனையிலேயே திறந்திருக்கிறது. நான் போகவில்லை. எனக்காக அத்தனை பேர் சேர்ந்து கத்தினது அந்த ஒரு நாள்தான். அந்தச் சத்தம் காதில் இருக்கும்போது எப்படிப் போவது?